சக்கிமங்கலத்திலிருந்து டோக்கியோவுக்கு
ஓட்ட வீராங்கனைகள் உருவாவதில் பள்ளியின் பங்கு

டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஜூலை 30 அன்று 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று நடந்தது. இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் சேர்ந்து ஓடும் இந்தப் போட்டி ஒலிம்பிக்கில் இடம்பெற்றது அதுவே முதல் முறை. இந்தியாவுக்காக முகமது அனஸ், ரேவதி வீரமணி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் ஆகியோர் ஓடினர். 3 நிமிடம் 19.93 நொடியில் ஓடி முடித்த இந்திய அணி தன் சுற்றில் எட்டாவது இடம் பெற்று வெளியேறியது.

பதக்கப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இது ஒரு வரிச் செய்தி. ஆசிரியர்களாகிய நாம் இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அந்த நால்வரில் மூவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். ரேவதி மதுரைக்காரர், சுபாவும் ராஜீவும் திருச்சி மாவட்டத்துக்காரர்கள். மாற்று வீராங்கனையாக உடன் சென்ற தனலட்சுமி சேகரும் திருச்சியைச் சேர்ந்தவரே. குறுவட்டப் போட்டிகளில் சுண்ணாம்புக் கோடு போட்ட மண் தரையில் ஓடும் நம் மாணவிகள் போன்றவர்கள்தாம் இவர்களும். அங்கிருந்து ஒலிம்பிக் வரை ஒரு பெண் எப்படிப் போகிறாள், வழியில் எங்கெல்லாம் நின்றுபோக நேர்கிறது, அந்த இடங்களில் பள்ளியால் என்ன செய்ய முடியும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பாட்டி எடுத்த முடிவு

மதுரைக்குக் கிழக்கே உள்ள சக்கிமங்கலம் ரேவதியின் ஊர். சிறு வயதிலேயே தாய், தந்தை இருவரையும் நோய்க்குப் பறிகொடுத்தவர். அவரையும் அவருடைய தங்கையையும் வளர்த்தவர் பாட்டி ஆரம்மாள். வயல் வேலை, செங்கல் சூளை வேலை என்று கிடைத்த கூலியில் இரண்டு பேத்திகளையும் பள்ளிக்கு அனுப்பினார். "பெண் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பு" என்று உறவினர்கள் சொன்னபோது அவர் கேட்கவில்லை. ரேவதியின் வாழ்க்கையில் நடந்த முதல் தேர்வு மைதானத்தில் நடந்ததல்ல. பாட்டியின் வீட்டில் நடந்தது.

ரேவதி பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு போட்டியில் அவர் ஓடியதைப் பயிற்சியாளர் கண்ணன் பார்த்தார். முறையான பயிற்சி இல்லாமலே அந்த வேகம் இருப்பதைக் கவனித்தார். பாட்டிக்கு முதலில் தயக்கம். கண்ணன் எடுத்துச் சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தார். மதுரை லேடி டோக் கல்லூரியில் ரேவதிக்கு இடம் கிடைத்தது. விளையாட்டு விடுதியில் தங்கவும் வழி பிறந்தது. கல்லூரிப் போட்டிகளில் அவர் வெறுங்காலோடுதான் ஓடினார். 2016-இல் தேசிய இளையோர் போட்டியிலும் அப்படியே ஓடினார். அதன் பிறகுதான் காலணி உள்ளிட்ட பொருள்கள் பயிற்சியாளர் மூலம் அவருக்குக் கிடைத்தன.

2019-இல் பாட்டியாலாவில் உள்ள தேசிய முகாமுக்கு அவர் தேர்வானார். அதுவரை 100, 200 மீட்டர் ஓடியவரை 400 மீட்டருக்கு மாறச் சொன்னவர், அப்போது இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்த கலினா புகாரினா. 2021 தொடக்கத்தில் முழங்காலில் காயம் பட்டது. ஆயினும் ஜூலையில் பாட்டியாலாவில் நடந்த தேர்வு ஓட்டத்தில் 53.55 நொடியில் ஓடி முதலிடம் பெற்று ஒலிம்பிக் அணிக்குள் நுழைந்தார். விளையாட்டின் வழியே தெற்கு ரயில்வேயின் மதுரைக் கோட்டத்தில் வேலையும் பெற்றிருந்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு என்பது ஓட்டப் பயிற்சியைத் தொடங்க மிகவும் தாமதமான காலம். பள்ளியின் கடைசி ஆண்டில் ஒருவர் கண்ணில் பட்டதால் ரேவதி கிடைத்தார். அந்தப் போட்டிக்கு அன்று அவர் வராமலிருந்தால் நமக்கு இந்தக் கதையே இல்லை. வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் கணக்கு இல்லை.

தூரம் மாறினால் ஓட்டமும் மாறும்

100, 200, 400 மீட்டர் மூன்றையும் "குறுந்தூர ஓட்டம்" என்று ஒரே பெயரில் அழைக்கிறோம். ஆனால் உடல் செய்யும் வேலை மூன்றிலும் வேறு.

தசையில் உடனடிப் பயன்பாட்டுக்கென்று ஓர் ஆற்றல் சேமிப்பு உண்டு. முழு வேகத்தில் ஓடினால் சில நொடிகளிலேயே அது பெருமளவு குறைந்துவிடும். 100 மீட்டர் ஓட்டத்தில் அதன் பங்கு மிகப் பெரியது. அதன் பின் தசை, ஆக்சிஜனின் துணையின்றிச் சர்க்கரையை உடைத்து ஆற்றல் பெறுகிறது. வேகமான வழிதான்; ஆனால் அதனோடு தசைக்குள் அமிலத்தன்மையும் கூடுகிறது. 400 மீட்டர் ஓடும் பெண்ணுக்கு மூன்றாவது நூறு மீட்டர் முடியும்போது கால் கனக்கும், தோள் இறுகும். கடைசி நூறு மீட்டரில் ஒருத்தி மற்றவர்களை முந்துவதைப் பார்க்கும்போது அவள் வேகத்தைக் கூட்டுவதாக நமக்குத் தோன்றும். உண்மையில் எல்லோருடைய வேகமும் குறைந்துகொண்டிருக்கிறது. அவளுடைய வேகம் குறைவாகக் குறைகிறது. அவ்வளவுதான்.

இதனால்தான் தொடக்கத்தில் சீறிப் பாயும் மாணவிக்கும், பின்பாதியில் தளராத மாணவிக்கும் வெவ்வேறு தூரங்கள் பொருந்துகின்றன. நூறு மீட்டரில் நான்காவதாக வந்தவள் நானூறில் முதலாவதாக வரக்கூடும். ஒரே ஓட்டத்தை வைத்து "இவளுக்கு ஓட்டம் வராது" என்று முடிவு செய்வது தவறாகிவிடும்.

தடை ஓட்டம் என்பது தாளம்

தடை ஓட்டத்தை "ஓடிக்கொண்டே குதிப்பது" என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். நல்ல தடை ஓட்டக்காரர் குதிப்பதில்லை. தடையை ஓட்டத்தின் நீண்ட ஓர் அடியாகக் கடக்கிறார். காற்றில் இருக்கும் நேரத்தில் வேகம் கூடாது. ஆகவே தடைக்கு மேலே எவ்வளவு குறைந்த உயரத்தில், எவ்வளவு குறைந்த நேரத்தில் கடக்கிறோம் என்பதே திறன்.

பெண்களுக்கான 100 மீட்டர் தடை ஓட்டத்தில் 10 தடைகள். உயரம் 83.8 சென்டிமீட்டர். தொடக்கக் கோட்டிலிருந்து முதல் தடை 13 மீட்டர், தடைகளுக்கிடையே 8.5 மீட்டர், கடைசித் தடையிலிருந்து முடிவுக்கோடு 10.5 மீட்டர். இடையில் மூன்றே அடிகள். அந்தத் தாளம் தப்பினால் அடுத்த தடையில் கால் இடிக்கும்.

400 மீட்டர் தடை ஓட்டத்திலும் 10 தடைகள்தாம். உயரம் 76.2 சென்டிமீட்டர், இடைவெளி 35 மீட்டர். களைப்பு ஏற ஏற அடியின் நீளம் குறையும். அப்போது இரு தடைகளுக்கிடையே எத்தனை அடி வைப்பது என்று ஓடும்போதே கணக்கை மாற்ற வேண்டும். இடது கால், வலது கால் எதுவானாலும் தடையைக் கடக்கப் பழகியவர்களுக்கே அது எளிதாகும்.

இந்த ஓட்டத்தில்தான் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 55.42 நொடியில் ஓடி நான்காமிடம் பெற்றார். மூன்றாவதாக வந்தவரின் நேரம் 55.41. நூறில் ஒரு பங்கு நொடி என்பது எவ்வளவு தூரம்? 400-ஐ 55.42 ஆல் வகுத்தால் நொடிக்குச் சுமார் 7.2 மீட்டர். அதில் நூறில் ஒரு பங்கு ஏறத்தாழ 7 சென்டிமீட்டர். மாணவரின் வடிவியல் பெட்டியில் இருக்கும் அளவுகோலில் பாதி! வேகம், தசம எண், சராசரி ஆகிய மூன்றையும் கற்பிக்க இதைவிட நல்ல கணக்கு கிடைப்பது அரிது.

உஷாவின் அந்த நேரம் 39 ஆண்டுகள் தேசிய சாதனையாக நின்றது. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் தகுதிச் சுற்றில் அதே 55.42 நொடியில் ஓடி அதைச் சமன் செய்தவர் கோவையைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ். ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். இறுதிப் போட்டியில் வெண்கலம் வென்றார். இரட்டையராகப் பிறந்த சகோதரி நித்யாவும் தடை ஓட்டக்காரரே. அவர் ஓடுவது 100 மீட்டர். அதே போட்டியில் மகளிர் தொடர் ஓட்டத்திலும் கலப்புத் தொடர் ஓட்டத்திலும் வித்யாவும் சுபா வெங்கடேசனும் வெள்ளி வென்ற அணிகளில் ஓடினர்.

பதினாறு ஆண்டுப் பயணம்

ஓட்ட வாழ்க்கை எவ்வளவு நீளமானது என்பதை அறிய ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். மக்கள்தொகையில் தமிழ்நாட்டைவிட மிகச் சிறிய நாடு அது. ஆனால் பெண்கள் ஓட்டத்தில் அதற்கு நீண்ட மரபு உண்டு.

ஷெர்லி ஸ்ட்ரிக்லாண்ட் இயற்பியல் படித்தவர். கற்பிக்கும் பணியிலும் இருந்தவர். 1948, 1952, 1956 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளில் 7 பதக்கங்கள் வென்றார். அன்றைய 80 மீட்டர் தடை ஓட்டத்தில் இரண்டாவது முறை தங்கம் வென்றபோது அவருக்கு வயது 31. ஒரு குழந்தைக்குத் தாய். திருமணத்தோடு ஓட்டம் முடிந்தது என்று நினைக்கும் பெற்றோரிடம் சொல்ல வேண்டிய பெயர் இது.

பெட்டி கத்பர்ட் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் 18 வயதில் 100, 200, 4×100 மீட்டர் மூன்றிலும் தங்கம் வென்றார். 1960-இல் ரோமில் காயத்தால் ஏமாற்றம். ஓட்டத்தை விட்டே விலகினார். பிறகு திரும்பி வந்து 400 மீட்டருக்கு மாறினார். பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டம் 1964-இல் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டபோது அதில் தங்கம் வென்றவர் அவரே. அந்த ஒலிம்பிக் நடந்ததும் டோக்கியோவில்தான். குறைந்த தூரத்தில் தொடங்கிப் பின்னர் 400-க்கு மாறுவது, காயத்துக்குப் பின் மீண்டு வருவது ஆகிய இரண்டும் ரேவதியின் பாதையிலும் உண்டு.

சாலி பியர்சன் இன்னும் அண்மைக் காலத்தவர். பள்ளிச் சிறுமியாக இருந்தபோதே பயிற்சியாளர் ஷாரன் ஹன்னனின் கண்ணில் பட்டவர். 2003-இல் உலக இளையோர் தடை ஓட்டத் தங்கம். 2008 பெய்ஜிங்கில் வெள்ளி. 2011-இல் உலக சாம்பியன். 2012 லண்டனில் 12.35 நொடியில் ஒலிம்பிக் தங்கம். 2015-இல் ரோமில் தடை இடறி விழுந்து கை முறிந்தது. தொடைத் தசைக் காயத்தால் 2016 ஒலிம்பிக் கைநழுவியது. 2017-இல், 30 வயதில், மீண்டும் உலக சாம்பியன் ஆனார். 2019-இல் ஓய்வு பெற்றார்.

2003 முதல் 2019 வரை பதினாறு ஆண்டுகள். ஆஸ்திரேலியாவில் 1960-களிலிருந்து சிறுவர் தடகள மன்றங்கள் உள்ளன. வாரம்தோறும் பிள்ளைகள் கூடி ஓடுவதும் தாண்டுவதும் எறிவதும் அங்கு ஒரு குடும்ப வழக்கம். பயிற்சியாளர் வந்து தேடும் முன்பே பிள்ளைகள் களத்தில் இருக்கிறார்கள். நம் ஊரில் அத்தகைய மன்றங்கள் அரிது. ஆனால் ஊருக்கு ஊர் பள்ளி இருக்கிறது. பெரும்பாலான பள்ளிகளில் ஏதோ ஓர் அளவில் மைதானமும் இருக்கிறது. அங்கே மன்றம் செய்யும் வேலையை இங்கே செய்யக்கூடிய ஒரே அமைப்பு பள்ளிதான். கேரளத்தில் 1976-இல் கண்ணூரில் மாணவியருக்கான விளையாட்டுப் பிரிவு தொடங்கப்பட்டதும், அங்கே பயிற்சியாளர் ஓ.எம். நம்பியார் உஷாவை இனம் கண்டதும் இதற்குச் சான்று.

நம் பெண்கள் நின்றுபோகும் இடங்கள்

முதல் இடம், பூப்பெய்தும் வயது. ஆறு, ஏழாம் வகுப்பில் ஆண் பிள்ளைகளையும் முந்தி ஓடியவள் எட்டாம் வகுப்பில் மர நிழலில் உட்கார்ந்திருப்பாள். ஓடுவதற்கேற்ற உடை இல்லாமை, மாதவிடாய் நாள்களில் மாற்றிக்கொள்ள இடமில்லாமை, பார்ப்பவர்கள் என்ன சொல்வார்களோ என்ற கூச்சம் ஆகியவை காரணங்கள். இரத்தசோகையும் சேர்ந்துகொள்ளும். "சோம்பேறி ஆகிவிட்டாள்" என்று நாம் நினைக்கும் மாணவிக்கு இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம்.

இரண்டாவது இடம், பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு ஆண்டில் உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. தசை வலிமையும் ஓட்ட நுட்பமும் வேகமாக வளரக்கூடிய வயது அது. இரண்டு ஆண்டுகள் விட்டுப்போனால் பலர் திரும்ப வருவதில்லை.

மூன்றாவது இடம், நம் வாய்ச்சொல். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் பிறந்த சாந்தி சௌந்திரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. அந்தச் செய்தி ஊடகங்களில் பேசப்பட்ட விதம் அவரை ஆழமாகக் காயப்படுத்தியது. பின்னாளில் அவர் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளராகி மற்றவர்களை ஓட வைத்தார். "பையன் மாதிரி இருக்கிறாள்" என்று மைதானத்தில் விளையாட்டாகச் சொல்லும் ஒரு சொல் ஒரு பெண்ணை ஓட்டத்திலிருந்தே விலக்கிவிடும். அச்சொல்லை மாணவர் சொன்னாலும் சக ஆசிரியர் சொன்னாலும் தடுப்பது நம் கடமை.

நான்காவது இடம், ஊக்கமருந்து. திருச்சியைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 2019 ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் தங்கம் வென்றார். ஊக்கமருந்துச் சோதனைக்குப் பின் அது திரும்பப் பெறப்பட்டு, 4 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. உடலுக்குள் ஒரு பொருள் எப்படி வந்தாலும் அதற்குப் பொறுப்பு வீரரே என்பதுதான் ஊக்கமருந்துத் தடுப்பு விதியின் அடிப்படை. "தெரியாமல் சாப்பிட்டேன்" என்பது பெரும்பாலும் காப்பாற்றாது. ஆகவே, அறிமுகமில்லாத ஒருவர் தரும் சத்துமாவையோ மாத்திரையையோ ஊசியையோ ஏற்கக் கூடாது என்று பள்ளி நாள்களிலேயே சொல்லித்தர வேண்டும். வளரும் பிள்ளைக்கு வேண்டியது சோறு, பருப்பு, முட்டை, கீரை, நிலக்கடலை, போதிய தூக்கம்.

பள்ளியில் செய்யக்கூடியவை

தொடக்கப் பள்ளியில் பயிற்சி என்ற பெயரே வேண்டாம். நொண்டி, ஓடிப்பிடித்தல், கயிறு தாண்டல், பச்சைக்குதிரை ஆகியவையே போதும். நொண்டியில் கணுக்கால் வலுப்பெறுகிறது. பச்சைக்குதிரையில் தடை தாண்டும் துணிவு வருகிறது. வெறும் அட்டைப் பெட்டிகளை வரிசையாக வைத்து, இடையே மூன்று அடி வைத்து ஓடச் சொன்னால் தடை ஓட்டத்தின் தாளம் விளையாட்டாகவே பிடிபடும். பெட்டி தட்டினால் விழும், பிள்ளைக்கு அடிபடாது.

நடுநிலை வகுப்புகளில் ஆண்டுக்கு இரண்டு முறை ஒவ்வொரு மாணவிக்கும் மூன்று அளவுகள் எடுத்து வையுங்கள்: 30 மீட்டர் ஓட்ட நேரம், நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டும் தூரம், 300 அல்லது 400 மீட்டர் ஓட்ட நேரம். முதலிரண்டும் வெடித்துப் பாயும் திறனைக் காட்டும். மூன்றாவது தாக்குப்பிடிக்கும் திறனைக் காட்டும். ஒரு முறை எடுத்த அளவைவிட, ஓராண்டில் எவ்வளவு மாறினாள் என்பது அதிகம் சொல்லும். சீக்கிரம் வளர்ந்துவிட்ட பெண் இன்று முதலாவதாக வருவாள். மெதுவாக வளர்பவள் நாளை அவளை முந்தக்கூடும்.

கைக்கடிகாரத்தில் எடுத்த நேரமும் மின்னணு நேரமும் ஒன்றல்ல. துப்பாக்கிச் சத்தம் கேட்டு நம் விரல் அழுத்தும் தாமதத்தால் கையால் எடுத்த நேரம் குறைவாகவே வரும். ஒப்பிடும்போது 100, 200 மீட்டருக்கு 0.24 நொடியும், 400 மீட்டருக்கு 0.14 நொடியும் கூட்டிக்கொள்வது வழக்கம். இதைச் சொல்லி வைத்தால், மாவட்டப் போட்டியில் "நேரம் கூடிவிட்டதே" என்று மாணவி மனம் உடைய மாட்டாள்.

மைதானத்தில் வாரம் ஒரு முறை நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும் அகற்றப்பட வேண்டும். வெறுங்காலோடு ஓடுபவர்கள் நம் பள்ளிகளில் இன்னும் இருக்கிறார்கள். மதுரை வெயிலில் காலை 8 மணிக்குள்ளோ மாலை 4.30-க்குப் பிறகோ ஓட்டத்தை வைத்துக்கொள்வது நல்லது. முன்னாள் மாணவர்களிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் கேட்டு, பல அளவுகளில் சில ஜோடி ஓட்டக் காலணிகளைப் பள்ளியின் பொதுச் சொத்தாக வாங்கி வைக்கலாம்.

வகுப்பாசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. கணித ஆசிரியர், எட்டு ஓடுபாதைகளின் தொடக்கக் கோடுகள் ஏன் முன்னும் பின்னுமாக இருக்கின்றன என்று கேட்கலாம். ஓடுபாதையின் அகலம் 1.22 மீட்டர். ஆரம் அவ்வளவு கூடினால் பரிதி 2π × 1.22, அதாவது ஏறத்தாழ 7.67 மீட்டர் கூடும். வெளிப்பாதைக்காரர் முன்னால் நிற்பது சலுகை அல்ல, நியாயம் என்பது மாணவர்களுக்கே விளங்கும். அறிவியல் ஆசிரியர் தசையின் ஆற்றலையும் இரத்தசோகையையும் பாடத்தோடு இணைக்கலாம். வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையை மாணவியர் உண்மையில் விழுங்குகிறார்களா என்று கவனிப்பதும் ஓட்டப் பயிற்சியே.

பெற்றோரிடம் பேசுவது எல்லாவற்றிலும் முக்கியம். கண்ணன் பாட்டியிடம் பேசினார் என்பதை மறக்க வேண்டாம். பெற்றோர் கேட்பது மூன்று கேள்விகள்: பாதுகாப்பாகப் போய் வருவாளா, படிப்பு கெடுமா, பின்னால் சோறு போடுமா? முதல் கேள்விக்கு, போட்டிக்கு அழைத்துச் செல்லும்போது பெண் ஆசிரியர் ஒருவர் உடன் வருவார் என்ற உறுதியே பதில். இரண்டாவதற்கு, விட்டுப்போன பாடங்களை நடத்தித் தருவோம் என்று பாட ஆசிரியர்கள் சேர்ந்து சொல்வது பதில். மூன்றாவதற்கு, விளையாட்டு விடுதிகள், கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டு இடங்கள், அரசுப் பணியில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு, ரயில்வே வேலைவாய்ப்பு ஆகியவற்றைச் சான்றிதழ் விவரங்களோடு எடுத்துச் சொல்லுங்கள். எல்லோரும் ஒலிம்பிக் போக மாட்டார்கள். ஆனால் ஓடிப் பழகிய பெண் உடல் நலத்தோடும் துணிவோடும் இருப்பாள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

வென்றவர்களின் பெயர்களைப் பள்ளி ஆண்டு மலரில் அச்சிடுகிறோம். அதோடு, குறுவட்டப் போட்டியில் நான்காவதாகவும் ஐந்தாவதாகவும் வந்த மாணவிகளின் பெயரையும் நேரத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். அடுத்த ஆண்டு அவர்கள் மைதானத்தில் இல்லையென்றால், ஏன் என்று கேட்க அந்தக் குறிப்பேடு உதவும். பள்ளி மாறிப் போகும் மாணவியின் மாற்றுச் சான்றிதழோடு அந்தப் பக்கத்தின் நகலையும் கொடுத்தனுப்பினால், புதிய பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் அவளை முதல் நாளிலேயே அறிந்துகொள்வார். பன்னிரண்டாம் வகுப்பு வரை அவள் காத்திருக்க வேண்டியதில்லை.